மலைமேல் ஒரு சிற்றூர், நாற்பது வீடு: பிள்ளைகளுக்கு நூலகம் தொடங்க வழி சொல்லுங்கள்

கேள்வி: சாமைக்காடு

வணக்கம். ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூருக்கு அப்பால் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேர் மேலே உள்ள ஒரு சிற்றூரிலிருந்து இறங்கி வருகிறார்கள். முக்கால் மணி நேர நடை. ஜீப் ஏறும் மண்பாதை ஒன்று உண்டு. நல்ல மழை பிடித்தால் அதுவும் இல்லை. நாற்பது வீடுகள். பாடப்புத்தகத்தை விட்டால் அந்த ஊரில் அச்சடித்த காகிதம் என்பது ரேஷன் அட்டை, மளிகை சுற்றி வந்த தாள், சுவரில் தொங்கும் நாட்காட்டி, இவ்வளவுதான்.

பள்ளிக்கு அரசின் 'ஊஞ்சல்' சிறார் இதழ் வருகிறது. அரசின் வாசிப்பு இயக்கத்தின் சின்னச் சின்னப் புத்தகங்களும் வந்திருக்கின்றன. நுழை, நட, ஓடு, பற என்று நிலை பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். பிள்ளைகள் அடித்துப் பிடித்துக்கொண்டு படிக்கிறார்கள். ஆனால் நான்கு மணிக்கு மணி அடித்தால் புத்தகம் கீழே, பிள்ளை மேலே. ஐந்தாம் வகுப்பு முடித்து உண்டு உறைவிடப் பள்ளிக்குப் போன பிள்ளைகள் விடுமுறைக்கு வீடு வந்தால் கையில் எடுக்க ஒன்றுமில்லை. படிப்பை இடையிலேயே நிறுத்திவிட்ட பெண்பிள்ளைகளும் சிலர் இருக்கிறார்கள். அவர்களை நினைத்தால்தான் எனக்கு மனசு ஆறவில்லை.

அதனால் நூலகம் பள்ளியில் அல்ல, அந்த ஊரிலேயே வேண்டும் என்று முடிவு செய்துவிட்டேன். ஊர்ப் பெரியவர்களும் சரி என்று சொல்லிவிட்டார்கள். தெரிந்தவர்கள் மூன்று அட்டைப்பெட்டி நிறையப் புத்தகம் அனுப்பினார்கள். பிரித்துப் பார்த்தால் போட்டித் தேர்வு வழிகாட்டிகள், பழைய பொறியியல் பாடநூல்கள், தடித்தடியாக ஆங்கில நாவல்கள். எட்டு வயதுப் பிள்ளை தொடக்கூடியதாக ஒன்றுகூட இல்லை.

எனக்குத் தெளிவு தேவைப்படுவது இவற்றில்தான். தனிக் கட்டடம் இல்லாமல் நடத்த முடியுமா? நான் மேலே போக முடிவது சனிக்கிழமைகளில் மட்டும். மற்ற நாள்களில் யார் பொறுப்பு? இன்னொன்று, சாமை அறுப்பு முடிந்ததும் பல குடும்பங்கள் கேரளத்துக்கும் கர்நாடகத்தின் காப்பித் தோட்டங்களுக்கும் மாதக்கணக்கில் வேலைக்குப் போய்விடுகின்றன. சில பிள்ளைகளும் கூடவே போகிறார்கள். அவர்களுக்குப் புத்தகம் கொடுத்தனுப்பலாமா?

பதில்: கோவை வாசகி

உங்கள் முயற்சிக்கு வாழ்த்துகள். எங்கள் குடியிருப்பில் நூறு வீடுகளுக்கு மேல் இருக்கின்றன. ஒரே வாரத்தில் புத்தகம் சேர்த்து அனுப்பிவிட முடியும். என்ன வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள். கைக்கணினி ஒன்று வாங்கித் தரவும் தயாராக இருக்கிறோம். பிரதம் புக்ஸ் நடத்தும் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் நிறைய இலவசமாகக் கிடைக்கின்றன. அதை வைத்துக்கொண்டால் புத்தகம் சுமக்கும் வேலையே இருக்காதே?

பதில்: அரூர் நூலகர்

டீச்சருக்கு வணக்கம். நான் அரூர் பக்கம் கிளை நூலகராக இருந்து ஓய்வு பெற்றவன். பணியில் இருந்தபோதும், அதற்குப் பிறகும் சித்தேரி மலையூர்களுக்குப் புத்தகம் கொண்டுபோய்க் கொடுத்துவருகிறேன். நீங்கள் கேட்டதெல்லாம் நான் அன்றாடம் பார்த்தவை என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

கட்டடக் கவலையை விட்டுவிடுங்கள். 1931ஆம் ஆண்டு அக்டோபரில் மன்னார்குடியில் கனகசபைப் பிள்ளை என்பவர் மாட்டுவண்டியில் புத்தகம் ஏற்றி ஊர் ஊராக அனுப்பினார். அதைத் தொடங்கிவைத்தவர் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன். நூலக இயலின் ஐந்து விதிகளை அவர் வெளியிட்டதும் அதே ஆண்டில்தான். முதல் விதியே 'நூல்கள் பயன்படுத்துவதற்கே' என்பது. கட்டடத்தைப் பற்றி அதில் ஒரு சொல் கிடையாது. உங்களுக்கு வேண்டியது ஒரு திண்ணை, ஒரு தகரப்பெட்டி, சுவரில் இரண்டு ஆணி அடித்துக் கட்டிய கயிறு. கயிற்றில் புத்தகங்களை விரித்து, முன் அட்டை தெரிகிறமாதிரி தொங்கவிடுங்கள். அடுக்கி வைத்த புத்தகத்தின் முதுகைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது பெரியவர்கள் பழக்கம். எழுத்துக்கூட்டும் பிள்ளை அட்டைப்படத்தைப் பார்த்துத்தான் கை நீட்டும்.

கட்டடம் இருந்தும் பூட்டிக் கிடக்கும் நூலகங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். 2006இல் தொடங்கிய அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிதோறும் நூலகம் கட்டினார்கள். நோக்கம் உயர்ந்த நோக்கம். கட்டடம் வந்தது, அலமாரி வந்தது, புத்தகமும் வந்தது. ஆனால் திறந்து வைத்திருக்கிற ஆளுக்குக் கிடைத்தது மிகச் சொற்பமான மதிப்பூதியம். அதைவிடப் பெரிய தடை அச்சம். இருப்பு சரிபார்க்கும்போது ஒரு புத்தகம் குறைந்தால் பொறுப்பில் இருப்பவர்தான் பதில் சொல்ல வேண்டும் என்ற எண்ணம் நம் ஊர் நூலகங்களில் ஆழமாக ஊறிப்போயிருக்கிறது. கொடுக்காத புத்தகம் தொலையாது அல்லவா? அதனால் பீரோவைப் பூட்டிவிடுகிறார்கள். நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான், டீச்சர்: உங்கள் பெட்டியில் இருக்கும் புத்தகங்களில் எத்தனை தொலைந்தன என்று ஒருபோதும் கணக்குப் பார்க்காதீர்கள். எத்தனை வெளியே போயிருக்கின்றன என்று மட்டும் பாருங்கள். பெட்டி நிறைந்திருந்தால் அன்றைக்கு நூலகம் நடக்கவில்லை என்று அர்த்தம்.

சாவியை யாரிடம் கொடுப்பது என்று கேட்டீர்கள். படிப்பை நிறுத்திய பெண்பிள்ளைகளைப் பற்றி நீங்களே எழுதியிருக்கிறீர்கள்; அவர்களில் ஒருத்தியிடம் கொடுங்கள். அவள் நாள் முழுக்க ஊரிலேயே இருப்பாள். எந்த வீட்டில் எந்தப் பிள்ளை எதைப் படிக்கும் என்று நம்மைவிட அவளுக்குத் தெரியும். அவள் வீட்டுத் திண்ணை என்றால் பெண்பிள்ளைகள் தயங்காமல் வருவார்கள். சிறுவர்கள் எப்படியும் வந்துவிடுவார்கள். ஆசிரியர் கையில் சாவி இருந்தால் அது பள்ளிக்கூடத்தின் நீட்சியாகிவிடும். பிள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டு உட்காருவார்கள். நீங்கள் சனிக்கிழமை போகும்போது ஆசிரியையாகப் போகாதீர்கள், வாசகியாகப் போங்கள். படித்து முடித்த பிள்ளையிடம் 'இந்தக் கதை என்ன சொல்கிறது?' என்று கேட்டுவிடாதீர்கள். அடுத்த வாரம் அந்தப் பிள்ளை வராது.

நேரத்தையும் ஊர்தான் சொல்ல வேண்டும். ஆடு மாடு ஓட்டிக்கொண்டு வந்து, தண்ணீர் எடுத்து வைத்து, அதற்குப் பிறகு எந்தப் பொழுது ஒழிகிறதோ அதுதான் நூலக நேரம்.

வெளியூர் போகும் பிள்ளைகளுக்குக் கட்டாயம் கொடுத்தனுப்புங்கள். பதினைந்து நாள் தவணை என்பது நகரத்தில் இருப்பவருக்கு எழுதிய விதி. குடகிலோ வயநாட்டிலோ தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசைவீட்டில்) அம்மா வேலையிலிருந்து திரும்பும்வரை தம்பியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு, சுற்றிலும் வேறு மொழி. தமிழில் கையில் இருப்பது அந்த ஒரு புத்தகம்தான். ஒன்று போதாது, நான்கைந்து கொடுங்கள். ஒரு துணிப்பையில் போட்டு, கூடவே ஒரு நோட்டும் பென்சிலும் வையுங்கள். சித்தேரியிலிருந்து அப்படிப் போன புத்தகங்கள் பெரும்பாலும் திரும்பி வந்தன. மிளகு மணமும் கரியுமாகத்தான் வந்தன. சில வரவில்லை. அங்கே பக்கத்து லயத்துப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டு வந்ததாகச் சொன்னார்கள். நூலகம் அங்கேயும் நடந்திருக்கிறது, நமக்கு வேறென்ன வேண்டும்?

கோவை வாசகிக்கு ஒரு வார்த்தை. அம்மா, உங்கள் நல்ல மனத்துக்கு நன்றி. ஆனால் தயவுசெய்து வீட்டில் கழித்த புத்தகங்களைச் சேர்த்து அனுப்ப வேண்டாம். மலைக்குப் போகும் ஒவ்வொரு கிலோவும் யாரோ ஒருவர் தலைச்சுமையாகப் போகிறது. வேண்டாததைச் சுமந்துபோய், பிறகு இது நமக்கானதல்ல என்று பிள்ளைகள் நினைக்கும்படி விடுவது பெரிய தீங்கு. நேஷனல் புக் டிரஸ்ட், துளிகா, பாரதி புத்தகாலயம், பிரதம் புக்ஸ் எல்லாம் சிறுவருக்கென்றே தமிழில் படப்புத்தகம் போடுகின்றன. கொஞ்சமாகவும் புதிதாகவும் வாங்குங்கள். பிள்ளைகள் அடித்துக்கொள்ளும் தலைப்பு என்றால் அதிலேயே இரண்டு பிரதி. தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் 'துளிர்' சிறுவர் மாத இதழுக்குச் சந்தா கட்டி, அந்தப் பெண்ணின் பெயருக்கு அஞ்சலில் வரச் செய்யுங்கள். அந்த ஊருக்குத் தபால்காரர் புத்தகம் கொண்டுவருவதே ஒரு செய்தி.

ஸ்டோரிவீவர் பற்றிச் சொன்னது நல்ல யோசனை. ஆனால் கைக்கணினியில் வேண்டாம். அந்தக் கதைகளைத் தாளில் அச்சிட்டுக்கொள்ள உரிமம் இடம் தருகிறது. நல்ல தாளில் வண்ணத்தில் எடுத்துத் தைத்துக் கொடுங்கள். ஒரு கைக்கணினி இருந்தால் ஒரு பிள்ளை பிடித்திருக்கும், மற்றவர்கள் எட்டிப் பார்ப்பார்கள். அதே பணத்தில் நாற்பது வீட்டுக்கும் ஆளுக்கொரு புத்தகம் போய்விடும்.

பெரியவர்களை மறக்காதீர்கள். இங்கே சித்தேரியில் ஒரு வீட்டுத் திண்ணையில் மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி தேனீ பற்றிய படப்புத்தகத்தை எழுத்துக்கூட்டி வாசித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் கூடை முடைந்துகொண்டிருந்த தாத்தா கையை நிறுத்திவிட்டு, 'அந்தப் படத்தை இங்கே காட்டு' என்றார். பாறை இடுக்கில் அடுக்கடுக்காக அடை தொங்குவதாக வரைந்திருந்தார்கள். 'பாறையில் கட்டுவது மலைத்தேனீ. அது ஒரே அடைதான் கட்டும், அகலமாக. அடுக்கடுக்காகக் கட்டுவது மரப்பொந்துக்குள் இருக்கும் தேனீ. வரைந்தவன் பொந்தைப் பாறையில் கொண்டுபோய் வைத்துவிட்டான்' என்றார். அந்தச் சிறுமிக்கு அச்சில் வந்ததையே திருத்தலாம் என்பது பெரிய ஆச்சரியம். பிறகு பிள்ளைகள் எல்லாரும் அவரைச் சூழ்ந்துகொண்டு கொம்புத்தேன், பொந்துத்தேன், கொசுத்தேன் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு ஒரு நீள நோட்டில் எழுதினார்கள், படமும் வரைந்தார்கள். அதைத் தைத்து அட்டை போட்டு மற்றப் புத்தகங்களோடு கயிற்றில் மாட்டினோம். அதிகம் எடுத்துப்போகப்பட்ட புத்தகம் அதுதான். கிழிந்தபோது பிள்ளைகளே வேறொன்று எழுதிக்கொண்டார்கள். வாசிக்கத் தெரியாத அந்தத் தாத்தாவின் பெயர் அட்டையில் ஆசிரியர் பெயராக இருக்கிறது.

கடைசியாக அரசு வழியையும் விடாதீர்கள். விடுதலைக்குப் பின் நாட்டில் வந்த முதல் பொது நூலகச் சட்டம் 1948இல் நம் சென்னை மாகாணத்தில் வந்தது. சொத்து வரியோடு ரூபாய்க்குப் பத்துக் காசு நூலக வரியாக வசூலிக்கிறார்கள். அது மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குப் போகிறது. நகரத்து மாடிவீடு கட்டும் வரி மலையூருக்குப் புத்தகமாக வர வேண்டும் என்பதுதான் அந்த ஏற்பாட்டின் நியாயம். உங்கள் திண்ணை நூலகம் ஆறு மாதம் நடந்த பிறகு, கொடுத்த புத்தகப் பதிவேட்டின் நகலோடு மாவட்ட நூலக அலுவலரைப் பார்த்துப் பகுதிநேர நூலகம் கேளுங்கள். வெறும் மனுவைவிடப் பிள்ளைகள் கையெழுத்துப் போட்ட பதிவேடு அதிகம் பேசும். அரசு நூலகத்துக்கு ஆயிரம் ரூபாய் செலுத்தினால் அதன் புரவலர் ஆகலாம். கோவை நண்பர்கள் அதையும் யோசிக்கலாம்.

பதில்: கோத்தகிரி ஆசிரியர்

அரூர் ஐயா எழுதியதில் பெரும்பகுதி என் அனுபவத்தோடு ஒத்துப்போகிறது. ஓரிடத்தில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. படிப்பை நிறுத்திய பெண்ணிடம் சாவியைக் கொடுப்பது சரி. கூலி இல்லாமல் கொடுப்பது சரியல்ல. தண்ணீர், விறகு, தம்பி தங்கை என்று அவள் தலையில் ஏற்கெனவே இருப்பது போதாதா? சேவை என்ற பெயரில் இன்னொன்றை ஏற்றினால், தினக்கூலி கிடைக்கும் முதல் நாளில் அவள் வேலைக்குப் போய்விடுவாள், போக வேண்டியதும்தான். புத்தகம் தர விரும்புகிற நண்பர்களிடம் மாதந்தோறும் அந்தப் பெண்ணுக்கு ஒரு ஊதியம் கேளுங்கள். அதைக் கேட்க நாம் கூச்சப்படுகிறோம், புத்தகம் கேட்கக் கூச்சப்படுவதில்லை. கூடவே, எட்டாம் வகுப்பையோ பத்தாம் வகுப்பையோ அவள் தனித்தேர்வராக எழுத ஏற்பாடு செய்யுங்கள். நூலகம் முதலில் அவளுக்குப் பயன்படட்டும்.

எங்கள் பக்கத்தில் இருளர், குறும்பர் பிள்ளைகள் வீட்டில் பேசுவது வேறு மொழி. புத்தகத் தமிழ் அவர்களுக்குப் பாதி வெளிமொழி. ஜவ்வாது மலையில் அந்தச் சிக்கல் குறைவு என்றாலும், புத்தகத்தில் 'சென்றாள், உண்டாள்' என்று வரும்போது சின்னப் பிள்ளைகள் நின்றுவிடுவார்கள். முதலில் படத்தைக் காட்டி அவர்கள் பேச்சிலேயே கதையைச் சொல்ல விடுங்கள். பிறகு எழுத்தை வாசித்துக் காட்டுங்கள். ஒரே புத்தகத்தை நான்காம் முறை கேட்டாலும் சலிக்காமல் வாசியுங்கள். நான்காம் முறையில்தான் பிள்ளை உங்களுக்கு முன்னால் அடுத்த வரியைச் சொல்லும்.

பதில்: கோவை வாசகி

ஐயா சொன்னது புரிகிறது. பழைய புத்தகம் சேர்க்கும் யோசனையைக் கைவிடுகிறோம். கோத்தகிரி ஆசிரியர் சொன்ன மாத ஊதியத்தை ஓராண்டுக்கு எங்கள் குடியிருப்பு ஏற்றுக்கொள்ளும். அது நடப்பதைப் பார்த்துத் தொடர்வோம். புதுப் புத்தகங்களுக்கான பட்டியலை டீச்சரே அனுப்பட்டும்.

கேட்டவர்: சாமைக்காடு

எல்லாருக்கும் நன்றி. கண்கள் கலங்கிவிட்டன. எட்டாம் வகுப்பில் நின்றுபோன ஒரு பெண்ணின் வீட்டில் பேசினேன். அவளுடைய அம்மா முதலில் தயங்கினார். மாதம் ஊதியம் உண்டு, பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு நான் சொல்லிக்கொடுக்கிறேன் என்றதும் 'திண்ணையைச் சாணி மெழுகி வைக்கிறோம் டீச்சர்' என்றார். பெட்டியைச் சந்தையில் வாங்கிவிட்டேன். வந்திருந்த போட்டித் தேர்வு நூல்களைப் போளூரில் படிக்கும் எங்கள் பழைய மாணவர்களுக்குக் கொடுத்துவிட்டேன்.

இன்னும் ஒன்று கேட்க வேண்டும். இங்கே ஐப்பசி, கார்த்திகையில் மூடுபனியும் மழையும் விடாமல் இருக்கும். பள்ளியில் வைத்திருந்த சில புத்தகங்களில் பூஞ்சணம் பூத்துவிட்டது. நடுவில் பின் அடித்த புத்தகங்களில் பின் துருப்பிடித்துத் தாள் கழன்றுவிடுகிறது. கரையானும் உண்டு. என்ன செய்வது?

பதில்: அரூர் நூலகர்

கோத்தகிரி ஆசிரியர் சொன்ன ஊதியம் மிகவும் நியாயம். நடந்துவிட்டதில் மகிழ்ச்சி.

துருப்பிடித்த பின்னைத் தட்டைக் கத்தியால் நெம்பி எடுத்துவிடுங்கள். அதே துளைகளோடு நடுவில் இன்னொரு துளை போட்டு, மெழுகு தேய்த்த கெட்டி நூலால் தையுங்கள். கோணி தைக்கும் ஊசி வேண்டாம், துளை பெரிதாகிவிடும். போர்வை தைக்கும் ஊசி போதும். புதிதாக வாங்கும் பின் அடித்த புத்தகங்களை மலைக்குக் கொண்டுபோவதற்கு முன்பே இப்படி மாற்றிவிட்டால் நல்லது. பிள்ளைகளுக்கும் கற்றுக்கொடுங்கள். தானே தைத்த புத்தகத்தை எந்தப் பிள்ளையும் கிழிக்காது. அட்டைக்கு மேலுறையாக மாத நாட்காட்டித் தாள் நன்றாக உழைக்கும். படப்பக்கம் உள்ளே, வெள்ளைப்பக்கம் வெளியே, அதன்மேல் தலைப்பைப் பெரிதாக எழுதி, அட்டைப்படத்தைப் பிள்ளைகளையே வரையச் சொல்லுங்கள்.

பசை காய்ச்சினால் பைண்டிங் கடைக்காரர்கள் பூச்சிக்காக மயில்துத்தம் சேர்ப்பார்கள். அது நஞ்சு, பிள்ளைகள் புழங்கும் புத்தகத்துக்கு வேண்டாம். தையலே போதும்.

பெட்டியை மண்தரையிலோ சுவரை ஒட்டியோ வைக்காதீர்கள். நான்கு செங்கல் மேல் ஏற்றி, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். செங்கல்லைச் சுற்றிச் சாம்பல் தூவினால் கரையான் ஏறுவது உடனே கண்ணில் படும். உள்ளே காய்ந்த வேப்பிலை, ஒரு துணி முடிச்சில் வசம்பு. புத்தகத்தை அரிக்கும் ராமபாணப் பூச்சி அந்த மணத்துக்கு அண்டாது. வெயில் எட்டிப் பார்க்கும் நாளில் பெட்டியைத் திறந்து புத்தகங்களைக் காற்றாட நிழலில் விரியுங்கள். உச்சி வெயிலில் வைத்தால் தாள் முறுகும். பூஞ்சணம் பூத்த புத்தகத்தை மற்றவற்றோடு சேர்க்காமல், வெளியே எடுத்துப்போய் உலர்ந்த துணியால் துடைத்துக் காயவைத்த பிறகே உள்ளே கொண்டுவாருங்கள். அடைமழை மாதங்களில் பெட்டியில் எதையும் வைக்காமல் எல்லாவற்றையும் வீடுகளுக்குக் கொடுத்துவிடுவது இன்னும் நல்லது. அடுப்பு எரியும் வீட்டில் பரண்மேல் இருக்கும் புத்தகத்தில் பூஞ்சணம் பிடிப்பது குறைவு.

பட்டியல் தயாரானதும் இங்கேயே போடுங்கள் டீச்சர். பார்த்துச் சேர்க்க வேண்டியதைச் சொல்கிறேன்.